கோஆர்டினேஷன் பாலிமர்ல காந்த அளவு ஒழுங்கா வரலையா? அறிகுறி வாரியா எங்க தேடணும்னு ஒரு ஊட்டி லேப் குறிப்பு

ஊட்டில ஒரு காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல இருந்து எழுதுறேன். இங்க பசங்க காப்பர், நிக்கல், கோபால்ட், மாங்கனீஸ், அயர்ன்னு வெச்சு கோஆர்டினேஷன் பாலிமர் (மெட்டல் அயனையும் லிகண்ட்ங்கற இணைப்பு மூலக்கூறையும் சங்கிலியா, வலையா கோத்த பொருள்) பண்றாங்க, கையில இருக்குற கூய் பேலன்ஸ்ல (காந்தத்துக்கு நடுவுல சாம்பிள் எடை எவ்ளோ மாறுதுன்னு பாக்குற தராசு) ரூம் டெம்பரேச்சர் அளவு எடுப்போம், தேறும்னு தோணுச்சுன்னா கீழ சென்னைக்கோ பெங்களூருக்கோ விஎஸ்எம், ஸ்குவிட்டுன்னு குளிர் வரைக்கும் காந்தத்த அளக்குற பெரிய மெஷினுக்கு அனுப்புவோம். டேட்டா வந்ததும் பாதி பேரு மொகத்த தொங்கப் போட்டுட்டு வருவாங்க, மீதி பேரு புது ஃபிசிக்ஸ் கண்டுபிடிச்ச மாதிரி ஓடி வருவாங்க. ரெண்டு கூட்டத்துக்கும் நான் கேக்குற மொத கேள்வி ஒண்ணுதான், சாம்பிள்ல தண்ணி எவ்ளோ இருக்கு?

தியரி எதுவும் இதுல இல்ல. உங்க கிராஃப்ல என்ன தப்பு தெரியுதோ அந்த தலைப்புக்கு நேரா போயிடுங்க. ஒவ்வொண்ணுலயும் காசில்லாம பாக்கக்கூடியது மொதல்ல, செலவு வைக்கிறது கடைசில.

ஒப்பிட்டுப் பாக்க சில நம்பர் மட்டும் தெரிஞ்சிருக்கணும். கீழ நான் கை-டின்னு சொல்றது மோலார் சசெப்டிபிலிட்டியையும் (ஒரு மோல் சாம்பிள் ஃபீல்டுக்கு எவ்ளோ காந்தமாகுதுங்கற அளவு) டெம்பரேச்சரையும் பெருக்கி வர்றது, ஈஎம்யூ கெல்வின் பர் மோல்ல, ஒரு மெட்டல் அயனுக்கு. ஸ்பின் மட்டும் கணக்குப் போட்டா (மெட்டல் பேருக்குப் பின்னாடி வர்ற ரெண்டு, மூணு அதோட ஆக்சிடேஷன் நிலை) காப்பர் ரெண்டுக்கு 0.375, நிக்கல் ரெண்டுக்கு 1.00, ஹை ஸ்பின் (ஜோடி சேராத எலக்ட்ரான் அதிகமா இருக்குற நிலை, லோ ஸ்பின் அதுக்கு எதிர்) கோபால்ட் ரெண்டுக்கு 1.875, ஹை ஸ்பின் அயர்ன் ரெண்டுக்கு 3.00, மாங்கனீஸ் ரெண்டுக்கு 4.375. நெசத்துல ரூம் டெம்பரேச்சர்ல காப்பர் 0.40ல இருந்து 0.45, நிக்கல் 1.1ல இருந்து 1.3 வரும், எண்முக கோபால்ட் 2.5ல இருந்து 3.4 வரைக்கும் கூட போகும். மாங்கனீஸ் மட்டும் புத்தகத்துல இருக்குற மாதிரியே 4.375 பக்கத்துல ஒட்டிட்டு நிக்கும், அதனால புதுசா வர்ற பசங்களுக்கு மொதல்ல மாங்கனீஸ்தான் குடுப்பேன். போர் மேக்னட்டான்ல வேணும்னா கை-டிக்கு வர்க்கமூலம் எடுத்து 2.828ஆல பெருக்கிக்கோங்க.

அறிகுறி 1: ரூம் டெம்பரேச்சர்லயே கை-டி கம்மியா வருது

இதுதான் இங்க அதிகமா வர்ற கேஸ். போன மழை சீசன்ல ஒரு தம்பி நிக்கல் பாலிமர தூக்கிட்டு வந்து, "அக்கா, 1.05தான் வருது, ரூம் டெம்பரேச்சர்லயே ஆன்டிஃபெர்ரோ கப்ளிங் இருக்குமோ"ன்னான் (பக்கத்துப் பக்கத்து ஸ்பின் எதிரெதிரா நின்னு ஒண்ணையொண்ணு குறைச்சுக்கறதத்தான் சொல்றான்). டிஜிஏ (சூடு பண்ணி எடை எவ்ளோ இறங்குதுன்னு பாக்குறது) எடுத்தியாடான்னு கேட்டா, சாம்பிள் காஞ்சுதான் இருக்கு அக்கா, ராத்திரி முழுக்க வேக்குவம் ஓவன்ல வெச்சேன்றான். அன்னிக்கு ராத்திரி காத்துல மரம் சாஞ்சு லவ்டேல் பக்கம் லைன் போயி விடியற வரைக்கும் கரண்டே இல்ல, ஓவன் எப்படி ஓடியிருக்கும்?

*மொதல்ல தண்ணி.* ஒரு கணக்கு பாருங்க. காஞ்ச பாலிமரோட ஃபார்முலா எடை 264ன்னு வெச்சுக்கோங்க, ரெண்டு தண்ணி மூலக்கூறு ஏறினா 300. ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் பனிமூட்டம் ஜன்னல் வழியா உள்ள வர்ற ஊர்ல அது ரெண்டு தண்ணிய இழுத்துக்கறதுக்கு நேரமே ஆகாது. நீங்க 264 போட்டு கணக்குப் பண்ணா விடை 12 சதவீதம் கம்மியா வரும், 1.20 இருக்க வேண்டியது 1.05க்கு வந்து நிக்கும். தலைகீழா, தண்ணி போயிட்ட சாம்பிளுக்கு 300 போட்டா 14 சதவீதம் கூட வரும். தண்ணி ஏறினா கம்மி, இறங்கினா ஜாஸ்தி, இத மட்டும் மனசுல வெச்சிருந்தா பாதி கேஸ் தீந்துடும்.

செக் பண்றது சுலபம். மூடி போட்ட வயல்ல (சின்ன கண்ணாடி பாட்டில்) சாம்பிள எடை போடுங்க, மூடிய தொறந்து மேசை மேல அரை மணி நேரம் விடுங்க, மறுபடி எடை போடுங்க. எடை ஏறுதுன்னா உங்க சாம்பிள் தண்ணி குடிக்கிற ஜாதி, அதுக்கப்புறம் அத திறந்து வெச்சு எடை போடறதுல அர்த்தமே இல்ல. சிலது கண்ணாலயே காட்டிக் குடுத்துடும். ஹெச்கேயூஎஸ்டி-1ன்னு ஹாங்காங்ல 1999ல வெளியிட்டாங்களே, அந்த காப்பர் ட்ரைமெசேட், சூடு பண்ணி வேக்குவம்ல காய வெச்சா கருநீலமா ஊதா கலந்து இருக்கும், ஆகஸ்ட் மாசம் மதியத்துல மூடிய தொறந்தீங்கன்னா மேல இருக்குற அடுக்கு மொதல்ல வெளுக்கும், வயல லேசா தட்டினா உள்ள இருந்து கரு நெறம் வெளிய வரும், அதுவும் கொஞ்ச நேரத்துல வெளிர் நீலமாயிடும். இந்த மாதிரி சாம்பிள க்ளவ் பேக்ல வெச்சு பேக் பண்ணுங்க, இல்லன்னா முழுசா தண்ணி குடிக்க விட்டுட்டு அந்த ஃபார்முலாவுக்கே கணக்கு போடுங்க. ரெண்டாவது வழி சோம்பேறித்தனம் மாதிரி தெரியும், ஆனா மலைமேல அதுதான் நம்பகமானது.

டெசிகேட்டர்ல இருக்கேன்னு சொல்லாதீங்க. சிலிக்கா ஜெல்லோட கலர பாருங்க, நீல ஜெல் பிங்க் ஆயிடுச்சுன்னா அது வெறும் கல்லு, 120 டிகிரில போட்டு மறுபடி நீலமாக்கி வைங்க.

*அடுத்து காலிபிரன்ட் (மதிப்பு தெரிஞ்ச ஒப்பீட்டு சாம்பிள்).* கூய் பேலன்ஸுக்கு எல்லாரும் மெர்குரி டெட்ராதயோசயனேட்டோகோபால்ட்டேட் போடுவோம் (அதுவே ஒரு கோஆர்டினேஷன் பாலிமர்தான்). அதுக்கு 16.44 × 10⁻⁶ன்னு மனப்பாடமா எழுதுறோம், ஆனா அது 20 டிகிரிக்கான மதிப்பு. டெம்பரேச்சர் ஒரு டிகிரி இறங்கினா சுமார் 0.05 × 10⁻⁶ ஏறும். ஜனவரி காலைல நம்ம லேப் 12 டிகிரில இருக்கும், அப்ப அது 16.85 பக்கம். இதுல ஒரு வேடிக்கை. 16.44யும் 293 கெல்வினையும் அப்படியே போட்டா ரெண்டு தப்பும் ஒண்ணையொண்ணு கிட்டத்தட்ட சரிகட்டிடும், கை-டி தேவலாம்னு வரும். கொஞ்சம் பொறுப்பான பையன் தெர்மாமீட்டர பாத்து 285ன்னு சரியா போட்டுட்டு காலிபிரன்ட மட்டும் மாத்தாம விட்டான்னா அவனுக்குத்தான் ரெண்டரை சதவீதம் கம்மியா வரும். ரெண்டையும் மாத்துங்க. காத்துக்கான திருத்தம் 0.029 × 10⁻⁶ன்னு இருக்கும், நம்ம உயரத்துல காத்தே நாலுல ஒரு பங்கு கம்மி, ஆனா அது விடைய அசைக்காது, அதுல நேரத்த வீணாக்காதீங்க.

*ட்யூப் பேக்கிங்.* ஒரே சாம்பிள கொட்டிட்டு மறுபடி தட்டித் தட்டி நிரப்புங்க. ரெண்டு தடவையும் விடை ஒத்துப் போகலன்னா அது பேக்கிங் பிரச்சனை. அகேட் உரல்ல இன்னும் நைஸா அரைங்க, கொஞ்சம் கொஞ்சமா போட்டு ஒவ்வொரு தடவையும் தட்டுங்க.

*டயாமேக்னட்டிக் திருத்தம் (ஜோடி சேந்த எலக்ட்ரான் ஃபீல்ட லேசா எதிர்க்கறத கணக்குல சரி பண்றது).* விட்டுட்டீங்கன்னா காப்பர்ல நல்லாவே அடி விழும், மாங்கனீஸ்ல பெருசா தெரியாது. பாஸ்கல் கான்ஸ்டன்ட்ட கூட்டிக் கழிக்க நேரமில்லன்னா ஃபார்முலா எடைய ரெண்டால வகுத்து 10⁻⁶ஆல பெருக்கி மைனஸ் போட்டா ஒரு தோராயம் கெடைக்கும். பேப்பருக்கு போறப்ப ஒழுங்கா கூட்டிக்கோங்க.

இதெல்லாம் சரின்னா அப்பத்தான் மெட்டீரியல சந்தேகப்படணும். காப்பர் கார்பாக்சிலேட்டா? அசிடேட் மாதிரி ரெண்டு காப்பர் மூஞ்சிக்கு மூஞ்சி நிக்கிற பேடில்வீல் அமைப்பு இருந்தா ரூம் டெம்பரேச்சர்ல ஒரு காப்பருக்கு 0.25 பக்கம் வர்றது நியாயம், அதாவது 1.4 போர் மேக்னட்டான். பிளீனியும் போவர்ஸும் 1952லயே இத விளக்கிட்டாங்க, காப்பர் அசிடேட்ல ஜே (ரெண்டு ஸ்பின்னுக்கு நடுவுல இருக்குற கப்ளிங்கோட பலம்) சுமார் மைனஸ் 296 செமீ⁻¹. அது தப்பே இல்ல, உங்க சாம்பிள் ஒழுங்கா இருக்குன்னு அர்த்தம். கோபால்ட்டா, கலர் பிரவுன் பக்கம் போயிருக்கா? ஒரு பங்கு கோபால்ட் மூணா ஆக்சிடைஸ் ஆயிருக்கலாம், அது லோ ஸ்பின், காந்தத்துல ஒண்ணும் சேராது.

வெளிய அனுப்ப வேண்டிய கட்டம்: டிஜிஏவும் சிஎச்என்னும் (கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் சதவீதம் பாக்குறது) ஒரே ஃபார்முலாவ சொல்லி, அதுக்கப்புறமும் 5 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா பவுடர் எக்ஸ்ஆர்டி (படிக அமைப்ப எக்ஸ்ரேல பாக்குறது). அதுக்கு முன்னாடி ஸ்குவிட்டுக்கு காசு கட்டாதீங்க.

அறிகுறி 2: கை-டி கூடுதலா வருது

*கோபால்ட்டுன்னா* மொதல்ல மூச்சு விடுங்க. 1.875 எதிர்பாத்து 3.0 வந்துச்சுன்னு பயப்பட வேண்டாம், ஆர்பிட்டல் பங்கு சேந்தா அப்படித்தான் வரும்.

*மத்த மெட்டல்ன்னா* மேல சொன்ன தண்ணிக் கணக்க தலைகீழா போட்டுப் பாருங்க. சாம்பிள் கோயம்புத்தூர்ல வெயில் அடிக்கிற ரூம்ல ரெண்டு நாள் கெடந்து காஞ்சிருக்கலாம், நீங்க இங்க ஈரத்தோட இருக்குற ஃபார்முலாவ எழுதி அனுப்பியிருப்பீங்க. அங்க எடை போட்டாங்களா இங்க எடை போட்டதையே எடுத்துக்கிட்டாங்களான்னு கேளுங்க, மெட்டல் அயன் எண்ணிக்கைய முடிவு பண்றது எடை போட்ட அந்த நேரம்தான்.

அதுவும் இல்லன்னா இரும்பு. கீழ படிங்க.

அறிகுறி 3: ஃபீல்ட மாத்தினா கை-டியும் மாறுது (ரூம் டெம்பரேச்சர்லயே)

300 கெல்வின்ல 0.5, 1, 2, 3 டெஸ்லான்னு எம்-எச் கோடு (ஃபீல்டுக்கு எதிரா காந்த அளவு) போடச் சொல்லுங்க. நேர்கோடா இருந்து பூஜ்யத்துக்குள்ள போச்சுன்னா நிம்மதி. நேர்கோடு, ஆனா பூஜ்யத்துக்குப் போகாம மேல வெட்டுதுன்னா உள்ள ஃபெர்ரோமேக்னட்டிக் குப்பை இருக்கு. "சார், ரூம் டெம்பரேச்சர் மேக்னெட் கெடைச்சிருச்சு"ன்னு கைடு கிட்ட ஓடறவங்க இந்த எடத்துலதான் மாட்டுவாங்க. ரூம் டெம்பரேச்சர்ல காந்தமாகுற மூலக்கூறு மெட்டீரியல் இல்லாம இல்ல, 1995ல வனேடியம்-குரோமியம் பிரஷ்யன் ப்ளூ வகை ஒண்ணு 315 கெல்வின் வரைக்கும் தாங்குச்சு, ஆனா சாதாரண பிரஷ்யன் ப்ளூவே 5.6 கெல்வின்லதான் ஃபெர்ரோ ஆகுது. உங்க நிக்கல் டெரிஃப்தலேட் திடீர்னு 300ல ஆகுதுன்னா மொதல்ல ஸ்பாட்டுலாவ பாருங்க.

எவ்ளோ இரும்பு போதும் தெரியுமா? 10 மில்லிகிராம் காப்பர் பாலிமர், ஃபார்முலா எடை 300ன்னு வெச்சா, 1 டெஸ்லால அது குடுக்குற சிக்னல்ல கிட்டத்தட்ட பாதிய ஒரே ஒரு மைக்ரோகிராம் இரும்பு குடுத்துடும். கண்ணுக்கே தெரியாது.

எங்கிருந்து வருதுன்னு இந்த வரிசைல தேடுங்க. ஸ்டீல் ஸ்பாட்டுலா, அதுவும் பழசாகி நுனி சொரசொரன்னு இருக்குறது. கூடவே ஸ்டீல் இடுக்கி. இத ரெண்டையும் தூக்கிப் போட்டுட்டு டெஃப்லான் இல்ல செராமிக் வாங்குங்க, அதிக விலை இல்ல. அடுத்து ஸ்டிர்ரர் பார், வெள்ளை உறைல முடி மாதிரி ஒரு கீறல் இருந்து உள்ள துரு தெரிஞ்சா, ஆசிட்ல சுத்தின ஒவ்வொரு பேட்ச்சும் சந்தேகம்தான். மூணாவது தூசி. நம்மூரு மண்ணு லேட்டரைட், இரும்பு ஆக்சைடு நெறைய, வெயில் காலத்துல ஜன்னல தொறந்து வெச்சு ஃபில்டர் பேப்பர்ல சாம்பிள காய வெச்சா செம்மண் வந்து ஒக்காரும். வாட்ச் கிளாஸ் போட்டு மூடுங்க. கடைசியா ஸ்டார்ட்டிங் சால்ட், கம்மி கிரேடு சால்ட்ல இரும்பு எவ்ளோன்னு பாட்டில் லேபிள்லயே எழுதியிருப்பான்.

வீட்டுச் செக்: நியோடிமியம் காந்தத்த பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பவுடர் மேல மெதுவா நகத்துங்க. ஒண்ணு ரெண்டு துகள் மட்டும் விறைச்சு எழுந்து நின்னா அது இரும்பு. ஒண்ணும் எழலன்னா இரும்பு இல்லன்னு சொல்லிட முடியாது, மைக்ரோகிராம் லெவல்ல இந்த சோதனை ஒதவாது.

வேற சாம்பிளே இல்ல, டேட்டாவ காப்பாத்தியே ஆகணும்னா ஹோண்டா-ஓவன் முறை: பல ஃபீல்ட்ல சசெப்டிபிலிட்டிய எடுத்து ஒன்றின் கீழ் ஃபீல்டுக்கு எதிரா வரைஞ்சு பூஜ்யத்துக்கு நீட்டுங்க, வெட்டுற எடம்தான் நெசமான மதிப்பு. கொஞ்சமா இரும்பு இருந்தா சரி, ஃபீல்ட்ட பொறுத்து பாதிக்கு பாதி மாறுற டேட்டால இத பண்ணாதீங்க, புது பேட்ச் போடுங்க.

அறிகுறி 4: 50 கெல்வின் பக்கத்துல ஒரு மேடு

45க்கும் 60க்கும் நடுவுல ஒரு சின்ன திமில், மத்த எடம் எல்லாம் வழவழன்னு. ஆக்சிஜன். வேற எதையும் யோசிக்கவே வேண்டாம். ஆக்சிஜன் 54 கெல்வின்ல உறைஞ்சு 44 பக்கத்துல இன்னொரு தடவை மாறும், அதோட காந்தத்தன்மையும் அங்க மாறும், அது உங்க கிராஃப்ல திமிலா தெரியும். இத ஃபேஸ் டிரான்சிஷன்னு தீசிஸ்ல எழுதி வைவால மாட்டுறவங்க உண்டு.

சேம்பர்ல கசிவா, கேப்சூல்ல மாட்டின காத்தான்னு பிரிக்கணும். அதே நாள் ஓடின வேற ஒருத்தர் சாம்பிள்லயும் திமில் இருந்தா மெஷின் கசிவு, ஆபரேட்டர் கிட்ட பணிவா சொல்லுங்க. உங்களுதுல மட்டும்னா கேப்சூல்ல ஊசியால ஒரு ஓட்டை போட்டு ஹீலியம் பர்ஜ் ரெண்டு மூணு தடவை கூட பண்ணச் சொல்லுங்க.

ஆனா இங்க ஒரு இக்கட்டு இருக்கு, அமைப்புலயே நுண்ணிய ஓட்டை இருக்குற பாலிமர்ல ஆக்சிஜன வெளிய எடுக்க பம்ப் பண்ணணும், பம்ப் பண்ணா லேட்டிஸ் தண்ணியும் சேந்து போயிடும். அப்ப என்ன பண்றது, கேப்சூல நைட்ரஜன்லயோ ஹீலியம்லயோ இங்கயே நிரப்பி சீல் வெச்சு அனுப்பணும், சேம்பர மொதல்ல 250 கெல்வினுக்கு கீழ குளிர வெச்சுட்டு அப்புறம் பம்ப் பண்ணச் சொல்லணும். உறைஞ்ச தண்ணி லேசுல போகாது. ஃபார்ம்ல இத எழுதலன்னா அவங்க வழக்கம்போல 300ல பம்ப் பண்ணிடுவாங்க, அவங்க மேல தப்பு சொல்ல முடியாது.

அறிகுறி 5: ரெண்டாவது ரன்ல வேற கிராஃப் வருது

மேல சொன்ன தண்ணி இழப்புதான் மொத சந்தேகம். இதுல ஒரு சூட்சுமம், ஈரமா எடை போட்டு ஈர ஃபார்முலாவே போட்டிருந்தீங்கன்னா, சேம்பருக்குள்ள தண்ணி போனாலும் உள்ள இருக்குற மெட்டல் எண்ணிக்கை மாறாது, அதனால ரூம் டெம்பரேச்சர் கை-டி அழகா சரியா வரும். கண்ண மூடிட்டு நம்பிடுவீங்க. ஆனா தண்ணி ஒரு மெட்டல்ல ஒட்டியிருந்ததோ ரெண்டு சங்கிலிய ஹைட்ரஜன் பாண்டால கட்டியிருந்ததோ போயிட்டா கீழ் டெம்பரேச்சர் கிராஃப் முழுக்க வேற மெட்டீரியலோடது. கண்டுபிடிக்க ஒரே வழி, அளவு எடுத்த கேப்சூல அப்படியே திரும்ப வாங்கி எடை போடறது, முடிஞ்சா அந்தப் பவுடருக்கே எக்ஸ்ஆர்டி. ஜெலட்டின் கேப்சூலே ஈரத்த இழுக்கும்கிறத மறக்காதீங்க, வெறும் கேப்சூலையும் கூட ஒண்ணு எடை போட்டு வைங்க.

மொத ரன் மட்டும் வேற, ரெண்டாவதுல இருந்து எல்லாம் ஒண்ணுன்னா ஏறக்குறைய அதுவேதான்.

அறிகுறி 6: கிராஃப் எகிறிக் குதிக்குது, படிக்கட்டு மாதிரி வருது

குளிர்ல கை-டி திடீர்னு மேல தாவுது, ஃபீல்ட குறைச்சு மறுபடி ஏத்தினா வேற எடத்துல தாவுது. பவுடர் துகள் ஃபீல்டுக்குள்ள திரும்பிக்குது, கோபால்ட்லயும் ஊசி ஊசியா வளர்ற படிகத்துலயும் இது சகஜம். கேப்சூல காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாருங்க, கலகலன்னு சத்தம் கேட்டா பேக்கிங் லூஸ், மேல பஞ்சு வெச்சு அழுத்துங்க. போதலன்னா பெல்லட் அடிங்க (அழுத்தத்துல மாறுற சாம்பிள்னா வேண்டாம்). அதுவும் முடியாதுன்னா ஐகோசேன்ல பதிக்கணும். அது 37 டிகிரி பக்கத்துல உருகும், சென்னைல வெயில் நாள்ல பாட்டிலுக்குள்ளயே இளகி நிக்கும், இங்க கல்லு மாதிரி கெடக்கும், வெந்நீர்ல வயல வெச்சு உருக்குங்க. போட்ட ஐகோசேன் எடைய குறிச்சு வைங்க, அதோட டயாமேக்னட்டிசமும் கழிக்கணும்.

அறிகுறி 7: 20 கெல்வினுக்கு கீழ கை-டி சரியுது, இல்ல சசெப்டிபிலிட்டி வாலு தூக்குது

சரியுதுன்னா எல்லாரும் ஒடனே ஆன்டிஃபெர்ரோன்னு எழுதிடறாங்க.

கோபால்ட்ல கப்ளிங்கே இல்லாம கை-டி 300ல இருந்தே மெதுவா சரிஞ்சு 2 கெல்வின்ல 1.7 பக்கம் வந்துடும், ஸ்பின்-ஆர்பிட் வேலை. அதுக்கு கியூரி-வைஸ் கோடு போட்டு தீட்டா (கப்ளிங்க காட்டும்னு நெனைக்கிற வெட்டுப்புள்ளி) மைனஸ் 20ன்னு வந்ததும் ஜே கண்டுபிடிச்சேன்னு எழுதாதீங்க. நிக்கல்ல ஜீரோ ஃபீல்ட் ஸ்ப்ளிட்டிங் (ஃபீல்டே இல்லாம ஸ்பின் நிலைகள் பிரியறது) அதே மாதிரி 10, 20 கெல்வினுக்கு கீழ இழுக்கும். மாங்கனீஸ்ல இது ரெண்டும் பெருசா இல்ல, அதனால மாங்கனீஸ் சரிஞ்சா கப்ளிங்னு தைரியமா சொல்லலாம், ஒரே ஒரு நிபந்தனை, எந்த ஃபீல்ட்ல எடுத்தீங்க? 1 டெஸ்லால 2 கெல்வினுக்கு போனா மாங்கனீஸ் சாச்சுரேட் ஆக ஆரம்பிச்சு தானாவே சரியும். 1000 ஓர்ஸ்டெட்ல மறுபடி எடுத்துப் பாருங்க, சரிவு காணாம போனா அது சரிவே இல்ல.

வாலு தூக்குது, அதாவது பேடில்வீல் மாதிரி பூஜ்யத்துக்கு போக வேண்டியது கடைசில மேல ஏறுதுன்னா பாராமேக்னட்டிக் கலப்படம், ஓரத்துல தொங்குற ஒத்தை காப்பர் அயன். ஓரிரண்டு சதவீதம்னா ஃபிட்டிங்ல கலப்படத்தோட பங்குக்கு ரோன்னு ஒரு டெர்ம் சேத்து கழிச்சுக்கோங்க. பத்து சதவீதம்னா அது கலப்படம் கெடையாது, ரெண்டாவது ஃபேஸ், போய் சாம்பிள கழுவுங்க.

இங்க ஆள கூப்பிட வேண்டிய எடம் சீக்கிரமே வரும். உண்மையிலேயே ஆர்டரிங்கா, ஸ்பின் கேன்டிங்கா, சிங்கிள் செயின் மேக்னெட்டான்னு சந்தேகம் வந்தா ஜீரோ ஃபீல்ட் கூல்டு, ஃபீல்டு கூல்டு ரெண்டும், கூடவே ஏசி சசெப்டிபிலிட்டியும் வேணும், அத ஃபிட் பண்ண அதே வேலையா இருக்குற ஆளு வேணும். நெட்ல கெடைச்ச ஈக்வேஷன்ல ஆறு பாராமீட்டர் போட்டு ஃபிட் பண்ணா எந்த கிராஃபும் படியும்.

அறிகுறி 8: மலைல ஒரு கலர், கீழ ஒரு கலர், 300 கெல்வின்ல காந்தமே இல்லைங்கறாங்க

அயர்ன் ரெண்டு ஸ்பின் கிராசோவர் (டெம்பரேச்சருக்கு ஏத்த மாதிரி ஹை ஸ்பின், லோ ஸ்பின்னு மாறுற) பாலிமர் பண்றவங்களுக்கு மட்டும். அயர்ன்-பைரசின்-டெட்ராசயனோபிளாட்டினேட்ட எடுத்துக்கோங்க, குளிர்ச்சில சுமார் 285 கெல்வின்ல லோ ஸ்பின் ஆகி செவப்பாகும், சூடு பண்றப்ப சுமார் 309லதான் ஹை ஸ்பின்னுக்கு திரும்பி மஞ்சளாகும். டிகிரில பாத்தா 12, 36. அதாவது டிசம்பர்ல ஊட்டி லேப் அலமாரில ராத்திரி கெடந்தா செவப்பு, ஏப்ரல்ல கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டு வெயில்ல மஞ்சள். நடுவுல இருக்குற 24 டிகிரில அது எப்படி இருக்கும்கிறது அதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சுங்கறத பொறுத்தது. உறைபனி காலத்துல இங்க பேக் பண்ணி ஐஸ் பாக்ஸ்ல மலையடிவாரக் கல்லார் வழியா இறங்கிப் போன சாம்பிள 300 கெல்வின்ல ஏத்துனா அது இன்னும் லோ ஸ்பின்லயே இருக்கும், கை-டி பூஜ்யத்துக்கு பக்கத்துல வரும், ரிப்போர்ட்ல டயாமேக்னட்டிக்னு வரும். சாம்பிள் கெட்டுப் போகல.

மொதல்ல 330 கெல்வினுக்கு சூடு பண்ணி அப்புறம் கீழ வந்து திரும்ப மேல போகச் சொல்லுங்க, அவ்ளோதான். ரேட் நிமிஷத்துக்கு 1, 2 கெல்வினுக்கு மேல வேண்டாம், வேகமா போனா லூப் (ஏறுற கோட்டுக்கும் இறங்குற கோட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி) பொய்யா அகலமா தெரியும்.

எந்த கலரும் மாறலையா? மறுபடியும் தண்ணி. இதே மெட்டீரியல் ஈரம் குடிச்சிடுச்சுன்னா மாற்றம் 220, 240 கெல்வின் பக்கம் இறங்கிடும், ரூம் டெம்பரேச்சர்ல மஞ்சளாவே ஒக்காந்திருக்கும்.

அறிகுறி 9: கீழ வேலை செஞ்ச ப்ரொசீஜர் இங்க பேட்ச்சுக்கு பேட்ச் வேற வேற காந்த மதிப்பு குடுக்குது

2240 மீட்டர்ல தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிடும், எத்தனாலும் மெத்தனாலும் அவங்கவங்க கொதிநிலைல இருந்து ஆறேழு டிகிரி கம்மி. கீழ எழுதின "ஆறு மணி நேரம் ரிஃப்ளக்ஸ்" இங்க ஆறு மணி நேரத்துல முடியாது. மிச்சம் லிகண்ட் இருக்கான்னு ஐஆர் எடுங்க, 1700 செமீ⁻¹ பக்கத்துல கார்பாக்சிலிக் ஆசிட் பீக் நின்னா ரியாக்ஷன் முடியல, எடைல லிகண்ட் சேந்து கை-டி கம்மியாகும். நேரத்த கூட்டிப் பாருங்க, இல்லன்னா சீல் பண்ண ஆட்டோகிளேவுக்கு மாறுங்க, அதுக்கு மலையும் தரையும் ஒண்ணுதான்.

இன்னொண்ணு, நிக்கல் நைட்ரேட், கோபால்ட் நைட்ரேட் பாட்டில மழைக்காலத்துல தொறந்து எடை போடறது. பாட்டில் அடில சொதசொதன்னு இருந்துச்சுன்னா நீங்க போட்டது பாதி தண்ணி, மெட்டல்-லிகண்ட் விகிதமே போச்சு. புது பாட்டில் வாங்குங்க, வாங்க வழியில்லன்னா இடிடிஏ டைட்ரேஷன் போட்டு மெட்டல் எவ்ளோன்னு பாத்துட்டு எடுங்க.

என்எம்ஆர் வெச்சு எவான்ஸ் முறைல (கரைசல்ல காந்த அளவு எடுக்கறது) பாக்கலாமான்னு வருஷா வருஷம் யாராவது கேக்கறாங்க. பாலிமர் கரையாது. கரைஞ்சுடுச்சுன்னா அது இப்ப பாலிமரும் இல்ல.

கீழ அனுப்புறப்ப

ஃபார்ம்ல இதெல்லாம் எழுதுங்க: தண்ணியோட சேத்து முழு ஃபார்முலா, இங்க எடை போட்டதா அங்க போடணுமா, கேப்சூல் சீல் வெச்சதா ஓட்டை போட்டதா, 250 கெல்வினுக்கு குளிர வெச்சு பம்ப் பண்ணணுமா கூடாதா, எவ்ளோ டெம்பரேச்சருக்கு மேல போகக் கூடாது. 300 கெல்வின் எம்-எச் கோடு ஒண்ணு கட்டாயம் கேளுங்க, கொஞ்சம் காசு கூட ஆனாலும் பரவால்ல. டெஃப்லான் டேப் சுத்தி, மூடிக்கு மேல பாராஃபிலிம் போட்டு, கூட சிலிக்கா ஜெல் வைக்கணுமா வேண்டாமாங்கறத சாம்பிள பாத்து முடிவு பண்ணுங்க, ஈரத்தோட இருக்க வேண்டிய சாம்பிளுக்கு சிலிக்கா ஜெல்தான் எதிரி. அளந்து முடிச்ச கேப்சூல தூக்கிப் போடாம திருப்பி அனுப்பச் சொல்லி கடைசி வரில பெருசா எழுதுங்க, எடை போட அது வேணும்.